பாஸ்வேர்டு சரிதான்... பழைய கம்ப்யூட்டர்தான் மெயிலைத் திறக்க விடவில்லையா?

கிரிவலப் பாதையை ஒட்டி நாலு அறை வைத்து நடத்தும் சின்ன விடுதி. மாட வீதிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடை. பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த அரசு லேப்டாப்பை இன்னும் விடாமல் வைத்திருக்கும் வீடு. திருவண்ணாமலையில் பழைய கம்ப்யூட்டர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான். புகாரும் ஒன்றுதான்: “நேற்றுவரை திறந்த மெயில், இன்றைக்குத் திறக்க மாட்டேன் என்கிறது. பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறேன்.”

தீபத்துக்கு அறை கேட்டு வெளிநாட்டிலிருந்து வந்த மெயில் உள்ளே இருக்கும். நாளை அச்சுக்குப் போக வேண்டிய கல்யாணப் பத்திரிகை இருக்கும். டி.என்.பி.எஸ்.சி ஒருமுறைப் பதிவில் கொடுத்ததும் அதே மெயில் ஐடியாக இருக்கும். பதற்றம் வருவது இயல்பு. ஆனால், பதற்றத்தில் செய்யும் முதல் வேலைதான் பலருக்குக் கணக்கையே இழக்க வைக்கிறது.

பொதுவாக அந்த முதல் வேலை இரண்டில் ஒன்றாக இருக்கும். ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவது; அல்லது, “சிஸ்டத்தை ஃபார்மேட் போட்டுவிடுங்கள்” என்று கடையில் கொடுத்துவிடுவது. இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் பார்க்கலாம். முதலில் நோய் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் சோதனை போனில்!

அதே மெயில் போனில் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் கணக்கு பத்திரமாக இருக்கிறது. கோளாறு கம்ப்யூட்டர் பக்கம். பாஸ்வேர்டே மறந்திருந்தாலும், போனில் இருக்கும் கூகுள் செட்டிங்ஸ் வழியாகப் புதியது வைத்துக்கொள்ளப் பெரும்பாலும் வழி உண்டு. போனிலும் திறக்கவில்லை என்றால் நேராகக் ‘கணக்கை மீட்க...’ என்ற பகுதிக்குப் போய்விடலாம்.

போனில் திறக்கிறது, கம்ப்யூட்டரில்தான் சிக்கல் என்பவர்கள் கீழே உள்ள நான்கையும் இதே வரிசையில் பாருங்கள்.

1. கீபோர்டு

சிரிக்க வேண்டாம், பாதிப் பிரச்னை இங்கேயே தீர்ந்துவிடும். சின்ன லேப்டாப்களில் ‘நம் லாக்’ ஆனாகி இருந்தால் ஜே, கே, எல் எழுத்துகள் 1, 2, 3 ஆக விழும். ‘யு’ அடித்தால் 4 வரும். பாஸ்வேர்டு கட்டத்தில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் இது கண்ணில் படாது. டிடிபி கடைகளில் இன்னொரு சிக்கல்: தமிழ் டைப் செய்யும் மென்பொருள் ஆனிலேயே இருக்கும். பாஸ்வேர்டு கட்டத்துக்குக் கீழே இருக்கும் ‘ஷோ பாஸ்வேர்டு’ என்பதை டிக் செய்துவிட்டு அடித்துப் பாருங்கள். பக்கத்தில் யாராவது நின்றால் வேண்டாம்.

2. கடிகாரம்

திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். 2009 என்றோ 2012 என்றோ இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

கம்ப்யூட்டரை அணைத்து வைத்தாலும் உள்ளே கடிகாரம் ஓடுவதற்கு, மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. சில வருடங்களில் அது தீர்ந்துவிடும். அதன்பிறகு ஒவ்வொரு முறை கரன்ட் போய் வரும்போதும் கம்ப்யூட்டர் தன் பழைய தேதிக்கே திரும்பிவிடும்.

தேதிக்கும் மெயிலுக்கும் என்ன சம்பந்தம்? ஜிமெயில் போன்ற தளங்கள் ‘நான்தான் உண்மையான தளம்’ என்று நிரூபிக்க ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்டும். அதில் ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்’ என்று இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் 2009-ல் வாழ்ந்துகொண்டிருந்தால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று நினைத்து வாசலிலேயே நிறுத்திவிடும்.

விண்டோஸ் 7-ல் கடிகாரத்தின் மேல் கிளிக் செய்து, ‘சேஞ்ச் டேட் அண்ட் டைம் செட்டிங்ஸ்’ போய்த் தேதி, வருடம், நேரம் மூன்றையும் சரிசெய்யுங்கள். டைம் ஸோன் கொல்கத்தாவில் இருக்க வேண்டும். பிரவுசரை மூடிவிட்டுத் திறந்தால் பலருக்கு மெயில் வந்துவிடும். மறுநாள் மீண்டும் தேதி மாறினால் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான். டெஸ்க்டாப் என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு மாற்றுவது ஐந்து நிமிட வேலை. லேப்டாப் என்றால் கடையில் கொடுத்துவிடுவது நல்லது. ஆனால் “பேட்டரி மட்டும் மாற்றுங்கள், ஃபார்மேட் வேண்டாம்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள்.

3. பிரவுசர்

தேதி சரி, பாஸ்வேர்டும் சரி. ஆனாலும் ‘இந்த பிரவுசர் பாதுகாப்பானதாக இல்லாமல் இருக்கலாம்’ என்று கூகுள் திருப்பி அனுப்புகிறதா? அப்படியானால் உங்கள் பிரவுசருக்கு வயதாகிவிட்டது.

தமிழ்நாட்டில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15-ல். அந்தக் காலகட்டத்து லேப்டாப்கள் பலவற்றில் இருந்தது விண்டோஸ் 7. அதற்கான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ல் நிறுத்திவிட்டது. 2023-ல் குரோமும் கைவிட்டது. விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றில் ஓடும் கடைசி குரோம் 109-வது பதிப்பு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் கதை 2022 ஜூன் 15-லேயே முடிந்துவிட்டது. அதை வைத்து மெயில் திறக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு ஃபயர்பாக்ஸ் 115 என்ற நீண்டகாலப் பதிப்பு கைகொடுக்கும். விண்டோஸ் 7-ல் ஓடக்கூடியது. குரோம் கைவிட்ட பிறகும் இதற்குப் பாதுகாப்பு அப்டேட்கள் தொடர்ந்து வந்தன. மொஸில்லாவின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ‘இலவச டவுன்லோடு’ தளங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

பிரவுசரை மாற்றும் முன் ஒன்று. குக்கீயை அழித்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். சில நேரம் உண்மைதான். ஆனால் அழிக்கும் பெட்டியில் ‘பாஸ்வேர்ட்ஸ்’ என்ற டிக்கை எடுத்துவிட்டு அழியுங்கள். பத்து வருடம் முன்பு சேமித்து வைத்த பாஸ்வேர்டு அந்தப் பழைய பிரவுசரில் மட்டுமே இருக்கக்கூடும். செட்டிங்ஸில் பாஸ்வேர்ட்ஸ் பகுதிக்குப் போய் முதலில் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

4. அவுட்லுக்கில் மெயில் பார்ப்பவர்கள்

டிடிபி கடைகளில் பழைய சிஸ்டத்தை மாற்றாமல் இருக்கக் காரணம் உண்டு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பே 2001-ல் வந்தது. அதில் அமைத்த பத்திரிகைகளும் பழைய தமிழ் ஃபான்ட்களும் புதிய கம்ப்யூட்டரில் ஒழுங்காக வருமா என்ற பயம். அதே சிஸ்டத்தில் அவுட்லுக் 2007 போன்ற பழைய மென்பொருளில் மெயிலும் வந்துகொண்டிருக்கும். திடீரென்று அது திரும்பத் திரும்பப் பாஸ்வேர்டு கேட்கும்.

காரணம் இதுதான். வெறும் பாஸ்வேர்டை மட்டும் வாங்கிக்கொண்டு மெயில் கொடுக்கும் பழைய முறையைத் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. ஹாட்மெயில், அவுட்லுக் கணக்குகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16-ல் நிறுத்தியது.

ஜிமெயிலுக்கு வழி இருக்கிறது. கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்துவிட்டு, ‘ஆப் பாஸ்வேர்டு’ உருவாக்குங்கள். 16 எழுத்தில் ஒரு பாஸ்வேர்டு கிடைக்கும். அவுட்லுக்கில் வழக்கமான பாஸ்வேர்டுக்குப் பதில் இதைப் போட வேண்டும். ஜிமெயில் பாஸ்வேர்டை எப்போது மாற்றினாலும் பழைய ஆப் பாஸ்வேர்டு செல்லாமல் போய்விடும். புதிதாக எடுக்க வேண்டும். ஹாட்மெயில் வைத்திருப்பவர்கள் பழைய அவுட்லுக்கை விட்டு பிரவுசரில் பார்ப்பதே எளிது.

எச்சரிக்கை: “அக்கவுன்ட்டை டெலிட் செய்துவிட்டு மறுபடி சேர்” என்று யாராவது சொன்னால் உடனே செய்யாதீர்கள். ‘பாப்’ முறையில் இறங்கிய பழைய மெயில்கள் உங்கள் ஹார்டு டிஸ்க்கில் மட்டுமே இருக்கலாம். அவுட்லுக்கின் பி.எஸ்.டி ஃபைலைப் பென்டிரைவில் காப்பி எடுத்த பிறகு கை வையுங்கள்.

கணக்கை மீட்க... பழைய கம்ப்யூட்டரே சாட்சி

போனிலும் திறக்கவில்லை, பாஸ்வேர்டும் நினைவில்லை. அப்போதுதான் ‘ஃபார்மேட் வேண்டாம்’ என்று சொன்னதன் அருமை தெரியும்.

கணக்கை மீட்க முயலும்போது, கேட்பவர் உண்மையான உரிமையாளர்தானா என்று கூகுள் பல வழிகளில் பார்க்கிறது. வழக்கமாக லாகின் செய்யும் கம்ப்யூட்டர், அதே பிரவுசர், அதே வீடு அல்லது கடையின் இன்டர்நெட் இணைப்பு ஆகியவற்றிலிருந்து முயலுங்கள் என்பது கூகுளே சொல்லும் அறிவுரை. பல வருடம் நீங்கள் மெயில் பார்த்த அந்த ஓட்டை லேப்டாப், உங்களுக்காகச் சாட்சி சொல்லத் தயாராக நிற்கிறது. அதை ஃபார்மேட் செய்வது சாட்சியைக் கலைப்பது போலத்தான். எங்கோ ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முயன்றால் அந்தச் சாதகம் கிடைக்காது.

கேட்கும் கேள்விகளைத் தாண்டிப் போகாமல், நினைவில் உள்ள கடைசிப் பாஸ்வேர்டையாவது போடுங்கள். அடுத்தடுத்து பல முறை முயன்றால் காத்திருக்கச் சொல்லும். நிதானமாக ஒரே முறை சரியாகச் செய்வது மேல்.

அடுத்த சிக்கல் பழைய போன் நம்பர். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் 90 நாள் பயன்பாடு இல்லாமல் கிடந்தால் துண்டிக்கப்படலாம்; பிறகு அந்த நம்பர் வேறு ஒருவருக்குப் போய்விடும். உங்கள் மெயிலுக்கான ஓடிபியும் அவருக்குத்தான் போகும். நம்பர் மாற்றியவர்கள் மெயில் திறக்கும் நிலையில் இருக்கும்போதே அதையும் மாற்றிவிட வேண்டும்.

திறக்காத கணக்கை “அப்புறம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடவும் கூடாது. இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை, உள்ளே இருக்கும் போட்டோக்களோடு சேர்த்து அழிக்கும் விதியை கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது.

‘கஸ்டமர் கேர்’ வலையில் விழாதீர்கள்

‘ஜிமெயில் கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடினால் ஏதோ ஒரு நம்பர் கிடைக்கத்தான் செய்யும். இலவச ஜிமெயில் கணக்கை மீட்டுத் தர கூகுளுக்குத் தொலைபேசிச் சேவை கிடையாது. அந்தப் பக்கம் பேசுபவர் எனிடெஸ்க் போன்ற செயலியைப் போடச் சொன்னாலோ, ஓடிபி கேட்டாலோ உடனே இணைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

திறந்த உடனே செய்ய வேண்டியவை

* மீட்பு போன் நம்பர், மீட்பு மெயில் ஐடி இரண்டும் இன்று உங்கள் கையில் இருப்பவைதானா என்று பாருங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரின் மெயில் ஐடியை மீட்புக்குக் கொடுக்கலாம்.

* இரண்டடுக்குச் சரிபார்ப்பில் ‘பேக்கப் கோட்ஸ்’ என்ற பகுதியில் 8 இலக்க எண்கள் பத்து கிடைக்கும். பிரின்ட் எடுத்து ரேஷன் கார்டு, பத்திரம் இருக்கும் ஃபைலில் வையுங்கள். போன் தொலைந்தாலும் இது கைகொடுக்கும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும்.

* ‘யுவர் டிவைசஸ்’ பகுதியில், எப்போதோ ஆதார் பிரின்ட் எடுக்கப் போன கடையின் கம்ப்யூட்டர் இன்னும் லாகினில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் போனிலிருந்தே சைன் அவுட் செய்துவிடலாம்.

* முக்கியமான ஃபைல்களைப் பென்டிரைவிலோ வேறு ஹார்டு டிஸ்க்கிலோ ஒரு நகல் எடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு அந்தக் கம்ப்யூட்டரை என்ன செய்வது? அப்டேட் நின்றுபோன விண்டோஸில் பேங்க் வேலை வேண்டாம். அதைப் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 4 ஜிபி ராம் உள்ள 64 பிட் லேப்டாப் என்றால், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ பதிப்பைப் போட்டால் புதிய பிரவுசரோடு இன்னும் சில வருடம் உழைக்கும். டிடிபி சிஸ்டத்தைப் பேஜ்மேக்கர் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மெயிலை வேறு கம்ப்யூட்டருக்கோ போனுக்கோ மாற்றிவிட்டுப் பென்டிரைவில் ஃபைலைக் கொண்டுபோகலாம்.

எதைச் செய்வதாக இருந்தாலும் வரிசை மாறக் கூடாது. முதலில் கணக்கைத் திறந்து புது நம்பரைச் சேருங்கள். அடுத்து நகல் எடுங்கள். ஃபார்மேட்டெல்லாம் அதற்குப் பிறகுதான்.