மரபணு சோதித்த கிடா வாங்கலாமா?

கேள்வி: வேம்பார் பக்கம் 40 வேம்பூர் ஆடுகள் வளர்க்கும் வாசகர் ஒருவரிடம், மரபணு சோதனை செய்த பொலிகிடா என்று சொல்லி, சந்தை விலையைப்போல மூன்று மடங்கு கேட்கிறார்களாம். அதற்குப் பிறக்கும் குட்டிகள் வேகமாக எடை ஏறும், கறியும் மெத்தென்று இருக்கும் என்கிறார்களாம். கடன் வாங்கியாவது அந்தக் கிடாவை வாங்கலாமா?

பதில்: அவசரப்பட்டுக் கடன் வாங்க வேண்டாம். மரபணு சோதனை என்பது உண்மையான விஷயம்தான். ஆனால், எந்த மரபணுவை, எந்த இனத்தில் சோதித்தார்கள் என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

ஆட்டின் எடையை ஒரே ஒரு மரபணு முடிவு செய்வதில்லை. ஏராளமான மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. தனியாகவே பெரிய மாற்றத்தைக் காட்டும் மரபணுக்கள் சிலதான். தசை வளர்ச்சிக்குத் தடை போடும் 'மயோஸ்டேட்டின்' அவற்றில் ஒன்று. இந்தத் தடை கெட்டுப்போனதால்தான் பெல்ஜியன் புளூ மாடுகளுக்குத் தசை திரண்டு வளர்கிறது என்று 1997-ல் கண்டறிந்தார்கள். அந்த இனத்தில் கன்று பெரிதாக இருப்பதால், அறுவை செய்து கன்றை எடுப்பது சாதாரணம்.

அமெரிக்காவில் 1983-ல் பிறந்த ஒரு கிடாவின் வழியாக 'கேலிபைஜ்' என்ற மரபணு மாற்றம் தெரியவந்தது. அந்த வழிக் குட்டிகளுக்குத் தொடைக்கறி அதிகம், கொழுப்பு குறைவு. ஆனால் கறி முரடாகிவிட்டது. எடை கூடினால் கறியின் தரமும் கூடும் என்று நினைக்க முடியாது.

நம் நாட்டிலும் பயன்படும் சோதனை உண்டு. சுந்தரவனப் பகுதியின் கரோல் செம்மறியில் உள்ள 'ஃபெக் பி' மரபணு, ஒரே ஈற்றில் இரண்டு குட்டிகள் கிடைக்க உதவுகிறது. மகாராஷ்டிராவின் பல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், அதைத் தக்காண ஆடுகளில் சேர்த்து, ரத்தச் சோதனை மூலம் கிடாக்களைத் தேர்வு செய்கிறது. அது குட்டி எண்ணிக்கைக்கானது, எடைக்கானது அல்ல. மேய்ச்சல் குறைந்த கரிசல் காட்டில், இரண்டு குட்டிக்குத் தாயிடம் பால் இருக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். 2024-ல் வெளியான 'கௌ சிப்' நாட்டு மாடுகளுக்கானது, ஆட்டுக்குப் பொருந்தாது.

கிடா விற்பவரிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். எந்த மரபணு? எந்த ஆய்வகத்தின் சான்று? வேம்பூர் இனத்தில் நிரூபிக்கப்பட்டதா? இந்தக் கிடாவுக்குப் பிறந்த குட்டிகளின் எடைக் கணக்கு எங்கே? பதில் இல்லை என்றால், அந்தக் கிடாவுக்குச் சந்தை விலைதான். சான்று காட்டினால், திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டி விளக்கம் கேட்டுக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய இழப்பு நம் பட்டியிலேயே நடக்கிறது. வேகமாக வளர்ந்த கிடாக்குட்டிதான் முதலில் எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குப் போகிறது; பக்ரீத் நேரத்தில் கேட்கவே வேண்டாம். விலை போகாத நோஞ்சான் மந்தையில் தங்கி, பொலிகிடாவாகிவிடுகிறது. பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் பாதி குணம் கிடாவிடமிருந்துதான் வருகிறது. ஐந்தாறு ஈற்று இப்படியே போனால், நல்ல இனமும் சிறுத்துப்போகும்.

இதற்கு ஒரு தொங்கு தராசும், காது வில்லையும், ஒரு நோட்டும் போதும். பிறந்த அன்று, 3-ம் மாதம், 6-ம் மாதம் எடை போட்டு எழுத வேண்டும். ஒரே மாதத்தில் பிறந்த குட்டிகளைத்தான் ஒப்பிட வேண்டும். ஒற்றைக்குட்டியை ஒற்றைக்குட்டியோடும், இரட்டையை இரட்டையோடும் ஒப்பிடுவதே சரி. முதலில் நிற்கும் இரண்டு கிடாக்குட்டிகளை, என்ன விலை கேட்டாலும் விற்கக் கூடாது. மற்றவற்றை மூன்று, நான்கு மாதத்திலேயே பிரித்து வளர்க்கலாம் அல்லது காயடிக்கலாம்.

25 முதல் 30 பெட்டைக்கு ஒரு கிடா போதும். 40 ஆட்டு மந்தைக்கு இரண்டு தேவை. தன் மகளோடு சேராமல் இருக்க, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, எடைக்கணக்கு வைத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரரோடு கிடாவை மாற்றிக்கொள்ளலாம். மூன்று மடங்கு விலை கேட்கும் கிடாவை விட, இந்த நோட்டு நம்பகமானது.