சம்பளப் பட்டியல் இருக்கும் கணினிக்கு யார் பொறுப்பு?

பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்துக்கு வேறொரு செய்திக்காகப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது கிராணியாரின் கணினித் திரை மூலையில் ஓர் அறிவிப்பு எழுந்தது. அவர் அதைப் படிக்கக்கூட இல்லை. பழக்கப்பட்ட கை தானாகவே 'பிறகு' என்பதை அழுத்தியது.

"ரொம்ப நாளா வந்துகிட்டே இருக்கு தம்பி. ரீஸ்டார்ட் பண்ணி, சம்பள சிஸ்டம் திறக்காம போச்சுன்னா மேனேஜருக்கு யாரு பதில் சொல்றது?" என்றார்.

அந்தக் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். உள்ளூர்த் தொழிலாளர்களின் அடையாள அட்டை எண்கள், வங்கிக் கணக்கு எண்கள், சேமநிதி, சொக்சோ விவரங்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்களின் கடப்பிதழ் நகல்கள். அத்தனைக்கும் ஒரே கடவுச்சொல். அதுவும் திரையின் கீழ் விளிம்பில் ஒரு சின்னத் தாளில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது.

கணினியில் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 10. அதற்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு கணினி இயங்காது என்று பலர் பயந்தார்கள். மறுநாள் காலை எல்லாம் வழக்கம்போலவே திறந்துகொண்டதால், பயமும் போய்விட்டது, பேச்சும் நின்றுவிட்டது. கணினி ஓடும், அச்சு எடுக்கும், சம்பளம் போடும். ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள்.

இந்த அடைப்பைத்தான் கணினிக்காரர்கள் 'பேட்ச்' என்கிறார்கள். நம் வீட்டுப் பாட்டிகள் கிழிந்த வேட்டிக்குப் போட்ட அதே ஒட்டுதான். மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் இந்த ஒட்டுகளை வெளியிடுகிறது. நமக்கு அப்போது புதன்கிழமை விடிகாலை ஆகியிருக்கும். ஒட்டு வெளியான உடனே, அது எந்த இடத்தில் போடப்பட்டது என்பதைப் பார்த்து, கிழிசல் எங்கே இருந்தது என்று திருடர்களும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆகவே 'பிறகு' என்று தள்ளிப்போடுகிறவர், ஊருக்கே தெரிந்துபோன கிழிசலோடு நடமாடுகிறார்.

2017இல் நடந்ததும் இதுதான். அந்த ஓட்டைக்கான ஒட்டு மார்ச் 14ஆம் தேதியே வந்துவிட்டது. 'வானாக்ரை' என்ற பிணைப்பண நச்சுநிரல் மே 12ஆம் தேதி பரவத் தொடங்கியது. இடையில் இரண்டு மாதம் இருந்தது. இருந்தும் சுமார் 150 நாடுகளில் 200,000க்கும் மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டன. பிரிட்டனில் மருத்துவமனைகள் சிகிச்சைகளைத் தள்ளிவைக்க நேர்ந்தது.

அண்டை நாடான சிங்கப்பூரின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 2018இல் சிங்ஹெல்த் நோயாளிகள் 1.5 மில்லியன் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. அன்றைய பிரதமர் லீ சியென் லூங்கின் விவரமும் அதில் ஒன்று. பின்னர் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு வெளியிட்ட விவரங்களைப் படித்தால் வியப்பாக இருக்கும். ஒரு பணியாளர் கணினியில் அவுட்லுக் மென்பொருளுக்கான ஒட்டு போடப்படவில்லை. ஒரு நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல், 'பாஸ்வர்ட்' என்ற சொல்லையே கொஞ்சம் மாற்றி எழுதியதுதான். எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. ஏதோ சரியில்லை என்று கவனித்த ஊழியர்கள் இருந்தார்கள். ஆனால், மேலிடத்துக்குச் சொன்னால் வேலைச்சுமையும் நெருக்கடியும் வருமே என்ற தயக்கம் அங்கே குறுக்கே நின்றது. நம் கிராணியாரின் கேள்வியும் கிட்டத்தட்ட அதுதானே?

அவருடைய பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 2024 ஜூலை 19ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான புதுப்பிப்பால் உலகம் முழுவதும் சுமார் 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றுபோயின. கே.எல்.ஐ.ஏ. இரண்டாம் முனையத்தில் ஏர் ஆசியா பயணிகள் வரிசையில் காத்துக்கிடந்தார்கள். அதில் தாக்குதல் எதுவும் இல்லை. பாதுகாக்க வந்த மருந்தே வினையாகிப் போனது. ஆகவே, எல்லாக் கணினியிலும் ஒரே நாளில் புதுப்பிப்பைப் போடாமல், முதலில் ஒன்றில் போட்டு, சம்பள மென்பொருள் திறக்கிறதா, அச்சு இயந்திரம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போவதே சரி. ஓரிரு நாள் பொறுப்பது நிதானம். இரண்டு வருடம் பொறுப்பதற்கு அந்தப் பெயரைக் கொடுக்க முடியாது.

நம் நாட்டிலும் இது தூரத்து விவகாரம் இல்லை. 2025 மார்ச்சில் மலேசியா ஏர்போர்ட்ஸ் நிறுவனத்தின் கணினிக் கட்டமைப்பைத் தாக்கியவர்கள் 10 மில்லியன் அமெரிக்க டாலர் கேட்டார்கள். அதைக் கொடுக்க மறுத்துவிட்டதாகப் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டே, 2024 ஆகஸ்டு 26 முதல், இணையப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. நாட்டின் 11 முக்கியத் துறைகளை அது பட்டியலிடுகிறது. வங்கி, சுகாதாரம், போக்குவரத்து ஆகியவற்றோடு வேளாண்மையும் தோட்டத் தொழிலும் அந்தப் பட்டியலில் இருப்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? அந்தத் துறைகளில் முக்கிய அமைப்பாக அடையாளம் காணப்பட்ட நிறுவனம், தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் விவரம் தர வேண்டும்.

அந்தக் கடமை எல்லாத் தோட்ட அலுவலகத்துக்கும் பொருந்தாது. ஆனால், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சிறிய வணிகத்தையும் விடுவதில்லை. 2025இல் அமலான திருத்தங்களின்படி அதன் உயர்ந்தபட்ச அபராதம் 300,000 ரிங்கிட்டிலிருந்து ஒரு மில்லியன் ரிங்கிட்டாக ஏறியிருக்கிறது. பெரிய பாதிப்பை உண்டாக்கக்கூடிய தகவல் கசிவு என்றால், 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க வேண்டுமானால், கசிந்தது முதலில் தெரிந்திருக்க வேண்டுமே! பல அலுவலகங்களில் எத்தனை கணினிகள் இருக்கின்றன, எதில் என்ன ஓடுகிறது என்ற ஒரு பட்டியல்கூடக் கிடையாது.

சரி, செலவு எவ்வளவு? விண்டோஸ் 10இலேயே தொடர விரும்பும் நிறுவனங்கள் பணம் கட்டி, அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் பாதுகாப்பு ஒட்டுகளைப் பெறலாம். முதல் ஆண்டுக்கு ஒரு கணினிக்கு 61 அமெரிக்க டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய 250 ரிங்கிட். ஒவ்வோர் ஆண்டும் அது இரட்டிப்பாகும். இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் முதல் ஆண்டுக்கும் சேர்த்தே கட்ட வேண்டும். விண்டோஸ் 11க்கு மாறுவது இலவசம்தான், ஆனால் 2018க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை அதற்குத் தகுதி பெறுவதில்லை. ஐந்து கணினி உள்ள ஒரு சிறிய அலுவலகத்துக்கு இது சின்னக் கணக்கு இல்லை. இதில் மின் விலைப்பட்டியல் கெடுபிடியும் சேர்ந்துகொண்டது. ஆண்டு விற்பனை 5 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு அது 2025 ஜூலை முதலே தொடங்கிவிட்டது.

பணத்தைத் தாண்டி இன்னொரு வழக்கமும் நம்மிடம் உண்டு. கிள்ளானில் ஒரு சிறிய கணக்காளர் அலுவலகத்தில் விசாரித்தபோது, "எல்லாத்தையும் கம்ப்யூட்டர் பையன் பார்த்துக்குவான்" என்றார்கள். அந்தப் பையன் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அவர் போட்டுக்கொடுத்த மென்பொருள் இன்னமும் திறந்தே இருந்தது, அதே கடவுச்சொல்லோடு. அவர் நல்லவர்தான். அவருடைய கடவுச்சொல் வேறு யார் கைக்காவது போயிருந்தால்?

அந்த அலுவலகத்தில் ஒருமுறை கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டனவாம். நகல் எடுத்து வைக்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது; தனி வன்தட்டு வாங்கி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் எடுத்திருக்கிறார்கள். ஆனால், அந்த வன்தட்டை எந்நேரமும் கணினியிலேயே செருகி வைத்திருந்தார்கள். நகலும் சேர்ந்தே பூட்டிக்கொண்டது. மூன்று மாதக் கணக்கைக் காகித ரசீதுகளைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்ததாகச் சொன்ன அக்காவின் முகத்தில் அந்தச் சலிப்பு இன்னும் இருந்தது. இப்போது இரண்டு வன்தட்டுகள். ஒன்று மாற்றி ஒன்றாக, வெள்ளிக்கிழமை நகல் எடுத்ததும் கழற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள்.

இப்படி ஏதாவது நடந்தால், முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையை 1-300-88-2999 என்ற எண்ணில் அழைக்கலாம். நான் பேசிய இரண்டு அலுவலகங்களிலும் இந்த எண் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பேராக் கிராணியாரிடம் கடந்த வாரம் மறுபடியும் பேசினேன். மேனேஜர் இரண்டு புதிய கணினிகளுக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறாராம். கடவுச்சொல் எழுதிய தாளையும் எடுத்துவிட்டார்களாம். புதுக் கணினிகள் மேனேஜர் அறைக்கும் கூட்ட அறைக்கும் போகின்றன. சம்பளப் பட்டியல் மட்டும் அந்தப் பழைய கணினியிலேயே இருக்கிறது.