நடுகல்லுக்கு எதற்கு வெள்ளைச் சுவர்?

இணையத்தில் முப்பரிமாணக் கலைக்கூடம் அமைக்கப் புறப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் சுவர் எழுப்புகிறார்கள். மழையும் வெயிலும் திருடனும் இல்லாத ஒரு வெளியில் சுவர் எதற்கு? பளபளக்கும் தரை, கூரையில் விளக்கு வரிசை, சட்டமிட்ட ஓவியங்கள், அம்புக்குறி விசையை அழுத்தி அழுத்தி ஒரு நடை. 2011-இல் கூகிள் 17 அருங்காட்சியகங்களுடன் தொடங்கிய கலைத் திட்டத்திலாவது அந்தக் கூடங்கள் மெய்யானவை. இங்கே கூடமே கற்பனை. தட்டையான புகைப்படத்தைப் பொய்ச் சுவரில் மாட்டிவிட்டு அதை முப்பரிமாணம் என்று அழைப்பது அபத்தம்.

பழனிசெட்டிபட்டியிலிருந்து இதை எழுதக் காரணம் உண்டு. தேனி மாவட்டத்துக்கென்று ஒரு மெய்நிகர் கலைக்கூடம் வேண்டும் என்ற பேச்சு இங்குள்ள இலக்கிய நண்பர்களிடையே எழுந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் அவர்கள் வரைந்து காட்டும் திட்டத்தில் முதல் அறை, இரண்டாம் அறை என்று வெள்ளைச் சுவர்களே இருக்கின்றன. புலிமான்கோம்பைக் கற்களை அந்தச் சுவரில் எங்கே மாட்டுவார்கள்?

ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையிலுள்ள அச்சிற்றூரில், 2006-இல், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். எழுத்துடைய நடுகல் பற்றிச் சங்கப் பாடல்கள் பேசுவதற்கு அதுவரை கிட்டாத சான்று அது. ஒன்றில் கூடலூர் ஆகோளில் மாண்ட ஒருவனின் பெயர் இருக்கிறது. ஆநிரை கவர்தலைக் குறிக்கத் தொல்காப்பியம் ஆளும் அதே சொல்! அந்தக் கூடலூர் நம் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூர்தானா என்பது விவாதத்துக்குரியது. பிற்கால நடுகற்களில் காண்பதுபோல் வாளேந்திய வீரனின் உருவம் இவற்றில் இல்லை. எழுத்து மட்டுமே. அதாவது, ஓவியக்கூடத்தின் கண்ணுக்கு இவை வெறும் கற்கள்.

இத்தகைய கல்லை நேரொளியில் படமெடுத்தால் எழுத்து மறைந்துவிடும். பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒளி விழும்போதுதான் கீறலின் விளிம்பில் நிழல் கட்டி எழுத்து எழுந்து நிற்கும். கல்வெட்டு படிக்கிறவர்கள் காலை வெயிலுக்காகக் காத்திருந்தது இதனால்தான். காமிராவை அசைக்காமல் விளக்கை மட்டும் இடம் மாற்றிப் பல படங்கள் எடுத்து, பின்னர் கணினித் திரையில் ஒளியை நாமே நகர்த்திப் பார்க்கும் முறையை ஹியூலெட்-பக்கார்ட் ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டர் 2001-லேயே வெளியிட்டுவிட்டார். கல்லைச் சுற்றிவந்து எடுத்த படங்களிலிருந்து அதன் வடிவத்தை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரித்தானிய அருங்காட்சியகம் தன் சிற்பங்களை இவ்விதம் 2014 முதல் இணையத்தில் சுழலவிட்டிருக்கிறது, சுவர் எதுவும் இல்லாமல்.

முப்பரிமாணம் கல்லுக்கு உரியது, அறைக்கு அல்ல. இது ரசனை பற்றிய சண்டை மட்டும் என்று நண்பர்கள் எண்ண வேண்டாம், கணக்கும் இருக்கிறது. பக்கத்துக்கு 4096 புள்ளிகள் கொண்ட ஒரு சதுரப் படம், கோப்பாக எவ்வளவு சுருங்கியிருந்தாலும், திரைக்கு வரும்போது வரைகலை நினைவகத்தில் விரிந்து 64 மெகாபைட் பிடிக்கும். பளிங்குத் தரைக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று என்று செலவழித்தால், பேருந்து நிறுத்தத்தில் மலிவான கைபேசியுடன் நிற்கும் மாணவனுக்கு எழுத்தின் கீறலைக் காட்ட எதுவும் மிஞ்சாது. அவன் காலிக் கூடத்தில் நடந்துவிட்டுப் போவான்.

கூடம் இருந்தால்தான் ஆள் வரும் என்றும், ஓவியர்களுக்குச் சுவர் வேண்டாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். ஓவியம் தட்டையானது. அதைத் தட்டையாகவே, தூரிகைத் தடம் தெரியுமளவு பெரிதாக்கிப் பார்க்கும்படி வையுங்கள். அதைத் தொலைவில் மாட்டி, வாசகனை மூச்சுவாங்க நடத்திக் கூட்டிப்போவது ஓவியனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இடத்தைக் காட்டியே தீரவேண்டும் என்றால் உண்மையான இடத்தைக் காட்டலாம். அந்தக் கற்கள் கிடைத்தது ஈமக்காடு ஒன்றில். அந்த நிலம், வைகையின் வளைவு, அங்கிருந்து கூடலூர் வரைக்குமான பள்ளத்தாக்கின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றை அளந்து வைத்தால், மாடு ஓட்டிச்சென்ற வழி எதுவாக இருக்கும் என்று ஒருவராவது யோசிப்பார். கூடலூர் விவாதத்துக்கும் பயன்படும். முதல் வேலையாக, கற்களைப் படமெடுக்க உரியவர்களிடம் எழுத்துபூர்வமாக அனுமதி கேளுங்கள். தரைக்கு எந்தப் பளிங்கு என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.