தமிழிற் கணிதம் அச்சேறாதா?

தமிழில் உயர்கணிதம் எழுதவியலாது. எழுதினும் அதனை ஒழுங்காக அச்சிற் கோக்கவியலாது என்னும் கூற்று, பல்கலைக்கழகங்களிற் கற்றோரிடையே ஏறத்தாழ ஒரு முதுமொழிபோல வழங்கிவருகின்றது. இதனைக் கூறுவோர் தமிழ்ப் பகைவரல்லர். உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் கற்றுத் தேறி, அதன்பின் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டுப் பட்டம் பெற்றோரே அவருட் பலர். தமிழெழுத்தின் இயல்பே தடையென அவர்கள் மெய்யாகவே நம்புகின்றனர். அந்நம்பிக்கை முற்றிலும் பிழையானது.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த லிங்கநகரில் மாலை வகுப்பொன்றுக்குச் செல்லும் மாணவனின் கையிலுள்ள இணைந்த கணித ரியூட்டை எடுத்து நோக்குக. தமிழ் வசனங்கள் பாமினி எழுத்துருவிலே தட்டச்சாகியிருக்கும். சமன்பாடுகளோ வேறொரு நூலிலிருந்து வெட்டியொட்டிய படங்களாக, ஒன்று பெரிதாயும் மற்றொன்று சிறிதாயும், வரியினின்று மேலெழுந்தோ கீழிறங்கியோ நிற்கும். சிலவிடங்களில் ஆசிரியர் வெற்றிடம் விட்டுப் பேனாவால் எழுதி ஒளிப்பிரதி எடுத்திருப்பார்.

பாமினி, ஒருங்குறி பரவுவதற்கு முற்பட்ட முறையைச் சேர்ந்த எழுத்துரு. இலத்தீன் எழுத்துகளுக்குரிய இருப்பிடங்களிலே தமிழ் வடிவங்களை அது வைத்துள்ளது. ஆகவே 'தமிழ்' என்ற சொல் கணினியின் நினைவகத்தில் நான்கு இலத்தீன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கின்றது. இம்முறையிற் கணிதம் படும் பாட்டைக் கூறவேண்டியதில்லை. வை என்பது எக்ஸின் சார்பு எனக் குறிக்கும் எளிய சமன்பாட்டைத் தட்டியபின் பக்கம் முழுவதையும் பாமினிக்கு மாற்றினால், வை 'ல' ஆகும்; எஃப் 'க' ஆகும்; எக்ஸ் 'ஒ' ஆகும்; இடையில் நின்ற சமன்குறி 'ஸ்ரீ' ஆகும். வாகன இலக்கத் தகட்டிலே பொறிக்கப்பட்ட சிங்கள ஸ்ரீயை எதிர்த்து 1957 இலும் 1958 இலும் கிளர்ந்த சமூகத்தின் கணிதத்தாளில், அழையாமலே ஒரு ஸ்ரீ வந்து குந்திக்கொள்கின்றது. இத்தொல்லைக்கு அஞ்சியே சமன்பாட்டைப் படமாக ஒட்டுகின்றனர்.

படமாகிய சமன்பாடு செத்த சமன்பாடு. அடுக்கிலுள்ள இரண்டு மூன்றாகவேண்டுமெனின் படத்தையே மீள ஆக்கவேண்டும். அதனைத் தேடவியலாது, பிறிதொரு நூலுக்கு எடுத்துச் செல்லவியலாது. பார்வையற்ற மாணவனுக்குத் தமிழ் வசனத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள், சமன்பாட்டை அடைந்ததும் வாய்மூடிக்கொள்கின்றது. ஒளிப்பிரதியின் ஒளிப்பிரதியிற் கழித்தற்குறி மங்கி மறைய, விடை பிழைத்த மாணவன் தன் அறிவையே நொந்துகொள்கின்றான். இதற்கு அவ்வாசிரியரைக் குறைகூறுவது நியாயமன்று. மாலை வகுப்புக்குத் தாள் வேண்டும். தெரிந்த கருவியைக்கொண்டு அவர் ஆக்குகின்றார். வேறு கருவி உண்டென்பதை அவருக்குக் கற்பியாது பட்டமளித்தனுப்பியோரே விடைகூறவேண்டியவர்.

ஈயவெழுத்துக் காலத்தில் இச்சாக்குக்கு ஓரளவு இடமிருந்தது. பின்னக்கோடு, அடுக்கின் சிற்றெழுத்து, மூலக்குறியின் கூரை ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே பொருத்தி இடைவெளிகளை ஈயத்துண்டுகளால் நிரப்பவேண்டியிருந்தது. மேனாட்டு அச்சகங்களும் கணிதப் பிரதிக்குக் கூடுதற் கட்டணம் அறவிட்டன. அத்தொழிலில் அதற்குத் 'தண்டப் பிரதி' என்று பொருள்படும் பெயரே வழங்கியது. அக்காலத்திலும், 1855 இல், கறோல் விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' யாழ்ப்பாணத்தில் தமிழில் அச்சேறியது. ஈயத்தால் இயன்றதைக் கணினியால் இயலாதென்பது விந்தையே.

கணினியால் இயலுமென்பது 1970 களிலேயே நிறுவப்பட்டாயிற்று. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிறையன் கேணிகனும் லொறின்டா செறியும் 1975 இல் விவரித்துக் கட்டுரை வெளியிட்ட முறையில், சமன்பாட்டை ஆங்கிலத்தில் வாய்விட்டு வாசிப்பதுபோலவே தட்டச்சிடலாம். அதன்பின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் நூத், தம் நூலொன்றின் இரண்டாம் பதிப்புக்கு 1977 இல் வந்த அச்சுப்படிகளின் அழகின்மை கண்டு மனம் பொறாது, 'டெக்' என்னும் ஆவண ஆக்க முறைமையைத் தாமே படைக்கப் புகுந்தார். சில மாதங்களில் முடியுமென அவர் எண்ணிய வேலை ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கிற்று. அதனை அவர் விலையின்றி உலகுக்கு வழங்கினார். லெஸ்லி லம்போட் 1980 களில் அதன்மேல் அமைத்த 'லாடெக்' இன்று கணித ஆய்வேடுகளின் பொதுக்கருவியாக விளங்குகின்றது.

டெக் முறைமையின் உட்பொருள் தமிழ் மாணவருக்குப் புதிதன்று. நிலைமொழியீறும் வருமொழி முதலும் நோக்கிப் புணர்ச்சி கூறுவது நன்னூல். டெக்கும் கணிதக் குறிகளை எட்டு வகைகளாகப் பகுத்து, முன்னிற்பது எவ்வகை, பின்வருவது எவ்வகை என நோக்கியே இடைவெளி விடுகின்றது. இரு கணியங்களுக்கிடையே வரும் கழித்தற்குறியின் இருபுறமும் சிறு வெளி விடும். அக்குறியே சமன்குறியை அடுத்து வருமாயின் எதிரெண்ணின் குறியெனக் கொண்டு எண்ணோடு ஒட்டிவைக்கும். இது வெறும் அலங்காரமன்று, சமன்பாட்டின் இலக்கணம். படத்தை ஒட்டுபவர் இழப்பது இவ்விலக்கணத்தையே.

ஆயினும் டெக் ஆங்கிலத்துக்கென்று பிறந்ததன்றோ என்பர். பிறப்பிடம் அதுவே. ஆனால் 1990 அளவிலேயே வாசிங்டன் பல்கலைக்கழகத்தின் தோமஸ் ரிட்ஜ்வே அதற்கெனத் தமிழெழுத்துருவொன்றை ஆக்கிவிட்டார். 2004 இல் ஜொனதன் கியூ வெளியிட்ட 'சீடெக்', ஒருங்குறித் தமிழை நேரடியாகவே ஏற்றது. கொம்பும் காலும் புள்ளியும் உரிய இடத்தில் அமைகின்றன. 'ணூ' போன்ற எழுத்துகள் வரிக்குக் கீழிறங்குவதும் தடையன்று. ஒவ்வோர் எழுத்தையும் உயரமும் ஆழமும் உடைய பெட்டியாகவே அம்முறைமை அளக்கின்றது. 'ஐந்தில் மூன்று' எனத் தமிழ் பகுதியை முன்னும் தொகுதியைப் பின்னும் கூறுகின்றதே எனின், அவ்வொழுங்கிற் பின்னத்தைத் தட்டச்சிடுவதற்கான புதுக்கட்டளையை ஒரே வரியில் வகுத்துக்கொள்ளலாம். ஒருவகையிற் கணிதப் பக்கத்துக்கு ஆங்கிலத்தினும் தமிழே வசதியானது. ஆங்கிலத்தில் 'ஒரு' எனப் பொருள்படும் ஓரெழுத்துச் சொல்லும் கணியத்தைக் குறிக்கும் அதே எழுத்தும் மயங்காதிருக்கச் சாய்வெழுத்தின் துணை வேண்டும். தமிழ் வரியிடையே இலத்தீன் எழுத்து தானாகவே தனித்து நிற்கும்.

இனி, பல்கலைக்கழகத்தில் எப்படியும் ஆங்கிலமே பயிற்றுமொழியாதலால் இம்முயற்சி வீண் என்னும் வாதம் எஞ்சுகின்றது. லிங்கநகர் மாணவன் நிலாவெளிக் கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்துக்குச் சென்றாலும், வேறெந்த விஞ்ஞான பீடத்துக்குச் சென்றாலும், ஆங்கிலத்தையே எதிர்கொள்வான் என்பது உண்மை. ஆனால் அவன் அங்கு செல்வதற்கு எழுதும் பரீட்சை தமிழில் நடைபெறுகின்றது. தாயம், காவி, பெறுதி, தொகையீடு என்பவற்றை அவன் முதன்முதல் விளங்கிக்கொள்வதும் தமிழிலேயே. அடித்தளத்தை மங்கிய ஒளிப்பிரதியில் இட்டுவிட்டு மேன்மாடம் ஆங்கிலத்தில் உள்ளதென ஆறுதல் கூறுவோர், அவ்வகுப்பில் இருந்து பல்கலைக்கழகத்துக்கு வராமலே நின்றுவிட்டவர்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

மறுபுறத்தே தூய்மைவாதிகள் உளர். எக்ஸையும் வையையும் நீக்கிக் கணியங்களுக்கும் தமிழெழுத்தே இடவேண்டும் என்பர். உலகப் பொதுவான குறியீட்டைக் கலைப்பதால் மாணவனுக்குச் சுமை கூடுவதன்றி வேறு பயனில்லை. முந்திரி, காணி, மா முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் 2019 இல் ஒருங்குறியில் இடம்பெற்றமை மகிழ்ச்சிக்குரியதே. கல்வெட்டும் ஏடும் பதிப்பிப்போர்க்கு அவை இன்றியமையாதன. எனினும் முந்நூற்றிருபதில் ஒருவரும் நாளாந்தம் எழுதாத முந்திரிக்கு இருப்பிடம் தேடிக்கொண்ட சமூகம், நாள்தோறும் எழுதும் வகையீட்டுச் சமன்பாட்டை இன்னும் படமாக ஒட்டுகின்றது.

செய்யவேண்டிய வேலையோ சிறிது. இலங்கைக் கலைச்சொற்களுக்கு இசைந்த லாடெக் மாதிரிக்கோப்பு ஒன்று, பாமினிப் பிரதிகளை ஒருங்குறிக்கு மாற்றும் வழிகாட்டி ஒன்று, ஆசிரியர்களுக்கு இரண்டு சனிக்கிழமைப் பயிற்சி. கணினி கற்கும் மாணவர் இருவர் ஒரு விடுமுறையில் முடிக்கக்கூடியது இது. கணிதம் பயிற்றுவோர் இதனைத் தமிழ் அறிந்தோரின் பொறுப்பென்கின்றனர். தமிழ் பயிற்றுவோர் கணினி அறிந்தோரின் பொறுப்பென்கின்றனர். கணினி பயிற்றுவோர் கேட்டால் எவரும் தம்மிடம் கேட்கவில்லையே என்கின்றனர்.