மகளின் சம்பளத் துண்டைப் பாருங்கள்

திருகோணமலையில் பஸ் ஏறிக் கட்டுநாயக்கவுக்குத் தையல் வேலைக்குப் போகும் பிள்ளைகளை நமக்குத் தெரியும். 1992இல் ஜனாதிபதி பிரேமதாச கிராமப்புறங்களுக்கு 200 ஆடைத் தொழிற்சாலைகள் என்று தொடங்கியபோது நம் மாவட்டம் யுத்தத்தில் கிடந்தது.

துணி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது, வாங்குபவரும் வெளிநாட்டார். நமக்குத் தையல் கூலிதான். 2005இல் கோட்டா முறை முடிந்தது. ஐரோப்பா 2010இல் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தி 2017இல் திருப்பித் தந்தது. 2025இல் அமெரிக்கா 44 வீத வரி என்று அறிவித்து, பிறகு 20க்கு இறங்கியது. எங்கோ போடும் கையெழுத்துக்கு இங்கே ஓவர்டைம் நிற்கிறது. சில இடங்களில் கதவே மூடுகிறது.

கதவு மூடினாலும் பிள்ளையின் பெயரில் பணம் இருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுகிறார்கள்; முதலாளி 12 வீதம் சேர்க்க வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதம் முழுக்க முதலாளியுடையது. கலியாணத்துக்காக வேலையை விடும் பெண் சேமலாபப் பணத்தை எடுக்கலாம். இது தெரியாமல் நகையை அடகு வைத்துவிட்டு நிற்கும் உம்மாமார் எத்தனை பேர்!

பெருநாளைக்கு மகள் வரும்போது சம்பளத் துண்டை வாங்கிப் பாருங்கள். அதிலுள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒன்றுதானா? ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வேலையில் இருக்கும்போதே திருத்திவிடலாம். கம்பனி மூடிய பிறகு யாரிடம் போய்க் கேட்பது?