மூன்றாம் நாள் உளைவு

ஊர்காவற்றுறையிலாகட்டும் ரொறன்ரோவிலாகட்டும், நம்மவர் உடற்பயிற்சியைக் கைவிடும் நாள் பெரும்பாலும் மூன்றாம் நாளாகவே இருக்கிறது. புத்தாண்டன்றோ, தைப்பொங்கலுக்கு மறுநாளோ, இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து வைத்தியர் முகத்தைச் சுளித்த அன்றோ தொடங்குகிறார்கள். முதல் நாள் உற்சாகம் நடக்க வைக்கிறது. இரண்டாம் நாள் வீறாப்பு நடக்க வைக்கிறது. மூன்றாம் நாள் காலையில் கட்டிலைவிட்டு எழும்போது தொடையும் கெண்டைக்காலும் இறுகிப்போய்க் கிடக்கின்றன. இன்றைக்கு மட்டும் ஓய்வெடுக்கலாம் என்று படுப்பவர், அடுத்த புத்தாண்டு வரை அந்த ஓய்விலிருந்து எழுவதில்லை. காரணம் கேட்டால் நேரமில்லை என்பார். நேரம் இருந்தது. கால்தான் இடங்கொடுக்கவில்லை.

இதைச் சோம்பல் என்று கண்டிப்பது எளிது. நான் அப்படிக் கருதவில்லை. தம் உடலில் நடப்பது இன்னதென்று தெரியாத ஒருவர் நோவைக் கண்டு பின்வாங்குவது இயல்பானதே. அவருக்கு வேண்டியது அதட்டலைவிட விளக்கம்.

விளக்கத்தின் பாதி எங்கள் மொழியிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் நோவைக் குறிக்க ஒரு சொல் மட்டும் வழங்குவதில்லை. நோ என்போம், குத்து என்போம், கடுப்பு என்போம், பிடிப்பு என்போம், உளைவு என்போம். எங்கள் பாட்டிமார் இவற்றை வேறுபாடு தெரிந்தே பயன்படுத்தினார்கள். கல்லில் அடிபட்டவருக்குக் கால் நோகும். மூட்டு ஒருபக்கம் திரும்பினால் குத்தும். நெடுந்தூரம் நடந்தவருக்கும் நாள் முழுவதும் மண்வெட்டி பிடித்தவருக்கும் உளையும். உளைவு என்பது வேலை செய்த உடம்பின் நோவு. அதைக் கேட்டவுடன் எவரும் வைத்தியசாலைக்கு ஓடியதில்லை. இன்று எல்லாவற்றையும் வலி என்ற ஒரே சொல்லால் குறிக்கத் தொடங்கிவிட்டோம். அச்சத்தின் ஒரு பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

மற்றப் பாதியை விஞ்ஞானம் தருகிறது. தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர், பழக்கமில்லாத வேலையின்போது உடனே தோன்றும் களைப்பும் மறுநாள் தோன்றும் நோவும் வெவ்வேறானவை என்று 1902 ஆம் ஆண்டிலேயே எழுதினார். பிந்திய நோவுக்குத் தசையினுள் ஏற்படும் நுண்ணிய சிதைவே காரணம் என்பது அவர் கருத்து. அதன் பிறகும் பல தசாப்தங்களாக, தசையில் லாக்டிக் அமிலம் தேங்குவதால்தான் மறுநாள் நோகிறது என்று விளையாட்டு மைதானங்களில் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றும் சொல்கிறார்கள். அது சரியன்று. கடும் பயிற்சியின்போது இரத்தத்தில் கூடும் லாக்டேட் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. உளைவோ பல மணி நேரம் கழித்துத் தொடங்கி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைந்து, பின் தானாகத் தணிகிறது. மூன்றாம் நாள் காலை ஏன் இத்தனை பேரை வீழ்த்துகிறது என்பது இந்தக் கணக்கிலிருந்தே விளங்கும்.

எல்லா அசைவும் ஒரே அளவில் உளைவைத் தருவதில்லை. தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும் அசைவுகளே மிகுதியாக உளைய வைக்கின்றன. தீவுப்பகுதியார் இதை அறியும் இடம் சிவனொளிபாதமலை. எங்களுடையது மேடு பள்ளம் அறியாத தட்டை நிலம். அங்கிருந்து புறப்பட்டு 2,243 மீற்றர் உயரமான அந்த மலையில் ஏறும் இளைஞர்கள், ஏற்றத்தில் மூச்சு வாங்கியதையே பெரிதாகச் சொல்வார்கள். ஆனால் அவர்களைப் படுக்கையில் போடுவது இறக்கம். இறங்கும் ஒவ்வொரு படியிலும் தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. ஊர் திரும்பிய மறுநாள் பஸ்ஸின் படியில் இறங்க அவர்கள் படும்பாடு, ஏறியதற்கான தண்டனை அன்று, இறங்கியதற்கானது.

இங்கேதான் நான் வற்புறுத்த விரும்பும் செய்தி இருக்கிறது. ஒருமுறை உளைந்த தசை, அதே வேலையைச் சில நாட்களிலோ வாரங்களிலோ மீண்டும் செய்யும்போது முன்னைப்போல உளைவதில்லை. சிறிய அளவில் செய்த பயிற்சிகூட இந்தப் பாதுகாப்பைத் தருகிறது. விட்டுவிட்டால் நாளடைவில் அது தேய்ந்து போகிறது. அப்படியானால் மூன்றாம் நாள் நிறுத்துபவர் செய்வது என்ன? முழு விலையையும் கொடுத்துவிட்டுப் பொருளைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். அடுத்த ஆண்டு மீண்டும் வந்து, அதே விலையைக் கொடுத்து, மீண்டும் வெறுங்கையுடன் திரும்புகிறார். உடற்பயிற்சி என்றாலே நோவுதான் என்று அவர் நம்புவதில் வியப்பில்லை. அவருக்குத் தெரிந்தது தொடக்கம் மட்டுமே.

உளைவு கண்டவருக்கு எங்கள் சமூகம் இரண்டு ஆலோசனைகளை வைத்திருக்கிறது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஒன்று, நோகுதென்றால் படு என்பது. அன்பினால் சொல்லப்படுவதுதான். ஆனால் முழு ஓய்வு உளைவை விரைவில் ஆற்றுவதில்லை. மெதுவான அசைவே, சிறிது நேரத்துக்கேனும், இறுக்கத்தைத் தளர்த்துகிறது. மற்றது, பல்லைக் கடித்துக்கொண்டு செய் என்பது. இதற்கு எங்களிடம் வீரக் கதைகளும் உண்டு.

பாக்கு நீரிணையை 1954 இல் நவரத்தினசாமி நீந்திக் கடந்தார். 1971 இல் ஆழிக்குமரன் ஆனந்தன் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும் மீண்டும் இலங்கைக்குமாக 51 மணி நேரம் நீந்தினார். வடகடலோரத்துப் பிள்ளைகள் இப்பெயர்களைக் கேட்டு வளர்வது நல்லதே. ஆனால் சாதனை நாளை மட்டும் பார்த்துவிட்டு, அதற்கு முன் நின்ற ஆண்டுக்கணக்கான பயிற்சியைப் பார்க்காமல் விடுகிறோம். அத்தகைய பயிற்சி பெற்ற ஆனந்தன்கூட 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் உயிர்நீத்தார். அவரை மதிப்பதற்கும், நீரிழிவுள்ள ஐம்பத்தைந்து வயதுக்காரர் முதல் வாரத்திலேயே அவரைப் பின்பற்றுவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

இன்னொரு வகை வீரக் கதையும் சொல்லப்படுகிறது. பெற்றோல் தடை இருந்த 1990 களின் முற்பகுதியில் குடாநாடே சைக்கிளில் ஓடியது, 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு இலட்சக்கணக்கானோர் மழையிலும் இருளிலும் நடந்தோம், அப்போது யாருக்கும் உளையவில்லையே என்று இளையவர்களிடம் கேட்கிறோம். உளைந்தது. அதைச் சொல்ல இடமில்லாதிருந்தது, அவ்வளவுதான். உயிருக்கு அஞ்சி நடந்ததை உடற்பயிற்சிக்கு முன்மாதிரியாகக் காட்டுவது, அன்று வழியில் விழுந்த முதியவர்களுக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது. அச்சம் துரத்தினால் எவரும் நடப்பர். எவரும் துரத்தாத காலத்தில் நடப்பதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாட்டைத் தீவுப்பகுதிச் சைக்கிள்காரரிடம் கற்கலாம் என்பது என் எண்ணம். பண்ணைப் பாலத்தைத் தாண்டி அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்குச் செல்லும் வீதி மேற்கு நோக்கியது. வைகாசிக்குப் பின் சோளகம் எழுந்தால் வழி நெடுகக் காற்று முகத்தில் மோதும். இருபுறமும் கடலாக இருக்கும் பாலத்தில் அதன் வேகத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பழகிய சைக்கிள்காரர் அன்று காற்றோடு மல்லுக்கட்டுவதில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போவதுமில்லை. குனிந்து, மெதுவாக மிதித்து, முடியாத இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போகிறார். பிந்திப் போய்ச் சேர்கிறார். உருட்டியதை எவரும் இழுக்காக நினைப்பதில்லை. உளைவுள்ள நாளும் எதிர்க்காற்றுள்ள நாளே. அன்று அளவைக் குறைக்கலாம். நாளை விட்டுவிடக் கூடாது.

நடைமுறையில் இதன் பொருள் எளியது. அரை மணி நேரம் நடப்பவர் உளைவுள்ள அன்று பத்து நிமிடம் சமதரையில் மெதுவாக நடக்கட்டும். கால் உளைந்தால் அன்று கைக்கு வேலை கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல், வளர்ந்தோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரையிலான மிதமான உடலியக்கத்தையும் இரண்டு நாட்களேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. அந்த எண்ணிக்கையை முதல் வாரத்திலேயே எட்டவேண்டும் என்று அது சொல்லவில்லை. சிறிதாகத் தொடங்கிக் கூட்டும்படியே சொல்கிறது. முதல் வாரத்தில் இன்னும் முடியும் என்று தோன்றும்போதே நிறுத்துவது நல்லது. முதல் நாளின் பேராசையைத்தான் மூன்றாம் நாள் வசூலிக்கிறது.

நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பது ஆறுதல் தரும்; அதைத் தடுக்க வேண்டியதில்லை. முன்பின்னாகத் தசைகளை இழுத்து நீட்டும் பயிற்சி மறுநாள் உளைவைக் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நோக்குளிசையை விழுங்கிவிட்டு நடக்கப் போகும் வழக்கம் கெட்டது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்களின் சிறுநீரகத்துக்கு அவற்றுட் சில கேடு விளைவிக்கும்.

எல்லா நோவும் உளைவன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓரிடத்தில் கூர்மையாகக் குத்துவது, மூட்டு வீங்குவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாவது, நெஞ்சு இறுகுவது, கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் போவது ஆகியவற்றைக் கண்டால் அன்றே வைத்தியரிடம் செல்ல வேண்டும். கொலஸ்ரரோலுக்கு மருந்து எடுப்பவர்களுக்குத் தசை நோவு தொடர்ந்தால், தாமாக மருந்தை நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வேறு ஆபத்து: நோகவேண்டிய இடத்தில் அவர்களுக்கு நோகாது. நடந்து வந்ததும் பாதத்தைக் கண்ணால் பார்ப்பது அவர்களுக்குப் பயிற்சியின் ஒரு பகுதி.

இவ்வளவும் எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பார்க்கட்டும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு புறப்படும் இடம் அது. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து படகேற வேண்டும். அசைந்துகொண்டிருக்கும் படகில் ஒரு காலை ஊன்றி மறுகாலை எடுத்து வைக்கத் தொடையில் வலு வேண்டும். அந்த வலு இருக்கும்வரை ஒரு முதியவர் தன் மருந்தைத் தானே எடுத்து வருவார், உறவினரின் மரணச் சடங்குக்குப் போவார், நல்லூர்த் திருவிழாவுக்கு வருவார். வலு போன பின் இரண்டு பேர் தூக்கி ஏற்ற வேண்டும். தூக்குவதற்கு ஆளில்லாத வீடுகள் தீவுகளில் பல. பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லலாம். தொலைபேசியில், “அம்மா, ஒவ்வொரு நாளும் நடக்கிறீங்களோ?” என்று கேட்கிறீர்கள். விலையுயர்ந்த சப்பாத்தும் அனுப்புகிறீர்கள். “கால் உளையுது, தம்பி” என்று பதில் வந்தால், அப்படியென்றால் விடுங்கோ என்று சொல்லிவிடுகிறீர்கள். அந்த ஒரு சொல்லில் மூன்று நாள் முயற்சி கரைந்து போகிறது. எந்த இடத்தில் உளைகிறது, இரண்டு காலிலுமா, குத்துகிறதா என்று கேளுங்கள். வெறும் உளைவுதான் என்றால், “சரி, இண்டைக்குப் படலை மட்டும் போட்டு வாங்கோ” என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டாரையும் அவருடன் கூட்டிவிட முடிந்தால் இன்னும் நல்லது. ஊர்க் கண்களுக்கு அஞ்சித் தனியே வீதியில் நடக்கக் கூசும் பெண்களுக்கு, துணை ஒன்று இருந்தால் பாதித் தடை நீங்கிவிடும்.

ஊக்கம் என்பது நெஞ்சில் எரியும் தீ என்று மேடைகளில் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் அது ஒரு நேரமும், ஒரு பாதையும், வாசலில் வந்து கூப்பிடும் ஓர் ஆளும்தான். மீன் வாங்க இறங்குதுறைக்கு நடப்பவர் ஊக்கத்தைத் தேடி அலைவதில்லை. மூன்றாம் நாள் அவருக்கும் உளையும். மீன் வேண்டுமென்பதால் மெதுவாகவேனும் போய் வருவார். நான்காம் நாளும் போவார். அடுத்த வாரம் உளைவு குறைந்திருப்பதை அவர் கவனிக்கவும் மாட்டார்.