கடையில் தேசியக் கொடி: உரிமை எது, கட்டாயம் எது?

ஆகஸ்ட் 15 குற்றாலம் சீசன் நாட்களிலேயே வந்துவிடுகிறது. தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை கடைவீதிகளில் அன்று மூவர்ணக் கொடியைப் பார்க்கலாம். வீடுதோறும் கொடி ஏற்றுமாறு மத்திய அரசு 2022-ல் அழைப்பு விடுத்தது. அதை ஒட்டி, கொடி கட்டாவிட்டால் நம்மைத் தவறாக நினைப்பார்களோ என்ற தயக்கமும் நம் வியாபாரிகள் சிலரிடம் எழுகிறது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த உரிமையே ஒரு பணியிடத்தில் தொடங்கிய வழக்கால் உறுதியானதுதான். தொழிலதிபர் நவீன் ஜிண்டால், இன்றைய சத்தீஸ்கரில் உள்ள ராய்கர் தொழிற்சாலை வளாகத்தில் தேசியக் கொடி ஏற்றினார். குறிப்பிட்ட சில நாட்களில் மட்டுமே பொதுமக்கள் கொடி ஏற்றலாம் என்பது அன்றைய விதி. எனவே அதிகாரிகள் தடுத்தனர். டெல்லி உயர் நீதிமன்றம் 1995-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2002 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த புதிய கொடி விதித்தொகுப்பு, எல்லா நாட்களிலும் ஏற்ற வழிவிட்டது. உச்ச நீதிமன்றம் 2004 ஜனவரி 23 அன்று, மரியாதையுடன் கொடி ஏற்றுவது அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமை என்று அறிவித்தது.

கருத்துரிமை என்றால் அதை வற்புறுத்திப் பெற முடியாது. கேரளாவில் தேசிய கீதத்தின்போது எழுந்து நின்று, ஆனால் பாடாமல் இருந்த மூன்று கிறிஸ்தவ மாணவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். அந்த நீக்கம் செல்லாது என 1986-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. கொடியை அவமதிப்பதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. தனியார் கடையில் கொடி ஏற்றாதிருப்பதை அது குற்றமாக்கவில்லை.

கோவையில் 2013 கிறிஸ்துமஸ் விழாவில் மூவர்ணக் கேக் வெட்டியது பற்றிய வழக்கையும் நினைவுகூரலாம். அவமதிக்கும் நோக்கம் இல்லை என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. நிய்யத்தின் முக்கியத்துவத்தைச் சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இந்தப் பார்வை புதிதல்ல.

ஆகவே அச்சத்தால் அல்ல, விருப்பத்தால் ஏற்றுவோம். ஏற்றினால் முறையாக ஏற்றுவோம். காவி நிறம் மேலே இருக்க வேண்டும். கிழிந்த, நைந்த கொடி கூடாது. கொடியில் கடைப் பெயரோ விளம்பரமோ எழுதக் கூடாது. ஜமாஅத், கட்சி, சங்கக் கொடிகளை அதே கம்பத்திலோ அதைவிட உயரமாகவோ கட்டக் கூடாது. காரில் கொடி பறக்கவிடும் உரிமை குறிப்பிட்ட உயர் பதவியில் உள்ளவர்களுக்கு மட்டுமே. 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பின் வீட்டில் இரவிலும் கொடி பறக்கலாம். ஆனால் சாரல் மழையில் நைந்து தொங்க விடாமல் கவனிக்க வேண்டும். பழுதான கொடியைக் குப்பையில் போடாமல், தனியிடத்தில் மரியாதையாக எரித்துவிட வேண்டும்.

கடை முதலாளிகளாக இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஊழியரை வற்புறுத்திக் கொடியோடு படம் எடுக்க வைக்க வேண்டாம். நம்மிடம் யாரும் கேட்கக் கூடாது என்று நாம் நினைக்கும் சான்றிதழை, நம்மிடம் வேலை செய்பவரிடம் நாம் கேட்பது நியாயமாகாது.